விசையில் வைத்த விரல்

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அலாஸ்காவில், கோடியாக் தீவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். இங்கே விஸ்கான்சினில் ஜூன் பிறந்தும் குளிர் விடவில்லை, கொசு மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் தோட்டத்தில் புகுந்து கிளறுகிறது, அம்மாவுக்கும் அதற்கும் தினம் சண்டை. புற்றுக்கான மருந்தை நிறுத்தியாயிற்று, கட்டி இல்லை என்கிறார்கள், முடிகூட முளைக்கிறது. அந்த மருந்தால் விரல் நுனிகள்தான் மரத்தது மரத்தபடியே கிடக்கின்றன, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள். மனசும் அப்படித்தான் கிடக்கிறது. கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட, சரி என்றுவிட்டுக் கார் சாவியைத் தேடினேன்.

மே மாதத் துப்பாக்கிப் போட்டி எப்படி என்று போனில் கேட்டாய், மழுப்பிவிட்டேன், இப்போது சொல்கிறேன். டைமர் கூவிய பிறகுதான் இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும், உனக்குத் தெரியாததா. அது கூவுவதற்கு முன்னாலேயே என் துப்பாக்கி வெடித்து எதிரே மண் தெறித்தது. விரல் விசையில் இருந்திருக்கிறது, நானோ வெளியே நீட்டி வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். டைமர் பிடித்திருந்த நம் கிளப் ஆரின், "வெர்லின், நிறுத்து. காலி பண்ணிக் காட்டு. இன்னிக்கு நீ வீட்டுக்குப் போயிடுப்பா" என்றான். விதி அது, நானே எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் எனக்குப் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அங்கே சுட்டு விற்ற பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி ஒன்றை வாங்கித் தின்றேன்.

மறுநாள் ஆரின் வந்து, "யோவ், தப்பு உன் கையில இல்ல. ஊதினாலே வெடிக்கிற மாதிரி அந்த விசைய லேசு பண்ணிக் கொடுத்தது நான்தானே. கெட்டியான விசையா பாத்து வேற வாங்கு" என்று சத்தம் போட்டான். அம்மாவும் பிடித்துக்கொண்டாள். ஆகஸ்டில் மாநிலப் போட்டி, கல்யாணமான நாளிலிருந்து ஜோடியாகப் போவது. இந்த வருஷம் விட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அவளுக்குப் பயம். அவர்கள் இழுத்த இழுப்புக்குப் போனேன்.

போன ஞாயிறு கிளப்பில் ஆளாளுக்குத் தங்கள் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியை மேஜையில் பரப்பினார்கள், எல்லாம் தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரகம். ஒன்று மெல்லிய குழல் வைத்தது, நாலு லிட்டர் பால் கேன் அளவு கனம்கூட இல்லை, தட்டு விட்டுத் தட்டு சட்டென்று திரும்பும், விசை மட்டும் பூப்போல. ஒன்றுக்குத் தோளில் வைக்கும் பின்கட்டையை நீட்டிக் குறைக்கலாம், ஆனால் முன்பக்கம் பாரம். மூன்றாவது பழைய மாதிரி மரக்கட்டை, விசை அகலம், நன்றாக அழுத்தினால்தான் நகரும். எல்லாம் காலி, குழலில் மஞ்சள் அடைப்பான் வேறு. அம்மா என் கண்ணைக் கட்டிவிட்டு, என் விரலைத் தானே எடுத்து ஒருதரம் விசை வளையத்துக்கு உள்ளே, ஒருதரம் வெளியே வைத்து, "இப்ப சொல்லு, உள்ளயா வெளியவா?" என்று கேட்டாள். முதல் இரண்டிலும் உளறினேன். "ஆர்லிஸ், பேசாம உன் புருஷனுக்கு மீன்பிடிக்கத் தூண்டில் வாங்கிக் குடு" என்று யாரோ சிரித்தார்கள். மூன்றாவதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கைதட்டினார்கள். ஆரின் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

மகளே, என் விரலுக்கு எதுவுமே தெரியவில்லை. விரல் உள்ளே போகும்போதெல்லாம் காதுக்குப் பக்கத்தில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்டுத்தான் சொன்னேன். போட்டியில் காது மூடி போட்டிருப்பேன், அந்த மூச்சு கேட்காது, பின்னால் ஆட்கள் நிற்பார்கள்.

நேற்று அந்த மூன்றாவதை வாங்கக் கிளம்பினோம். கடை வாசலில் காரை நிறுத்தியதும் அவளிடம் சொல்லிவிட்டேன். அம்மா என்ஜினை அணைத்தாள். அப்புறம், "தெரியும். நான் வேணும்னேதான் பிடிச்சேன். அத்தனை பேர் முன்னால நீ ஒரு தடவையாவது சரியாச் சொல்லணும்னு இருந்துச்சு, அப்புறம் என்னால நிறுத்த முடியல. இன்னிக்குக் காலைல இருந்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஓட்டிட்டு வந்தேன், வெர்லின்" என்று சொல்லி உடைந்து அழுதாள். எனக்கும் அழ வேண்டும் போலிருந்தது, வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போய் அந்த மெல்லிய குழல் வைத்ததையே வாங்கினோம், அவள் கைக்கு ஏற்றபடி கட்டையைக் குட்டையாக்கச் சொல்லி. இனி அவள் சுடுவாள், நான் டைமர் பிடிப்பேன். அந்தப் பொத்தானைக் கண்ணால் பார்த்து அழுத்தலாம்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு, படகில் தனியாகப் போகாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. என் கையைப் பற்றி என்னையே கேள், அம்மாவைக் கேட்காதே.

என்றும் உன் அப்பா,
வெர்லின்