பெரியவள் மறுபடியும் சோறு கேட்டாள்

ஞாயிறு, மத்தியானம்

ரயில் ஓட்டப் போகிற என் வீட்டுக்காரிக்கு,

இங்கே மூவரும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, நிஜமான நலம். கை பரபரக்கிறது, அதனால் விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். இன்று பெரியவள் சோறு, பருப்பு, பீன்ஸ் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை நீட்டி "இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்றாள். இன்னும் கொஞ்சம்! என் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பயிற்சிக்குப் போன இந்த ஐந்து மாதமாக நான் ஃபோனில்தான் "நல்லா சாப்பிடறாங்க, நீ கவலைப்படாதே" என்று சொல்லிவந்தேன். அது பச்சைப் பொய் என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரியவளே உன்னிடம் போட்டு உடைத்துவிட்டாள். இனி என் குரலை நீ நம்ப மாட்டாய், என் எழுத்தையாவது நம்பு. பட்டறை முதலாளியின் மைத்துனர் நாளைக் காலை நீ இருக்கும் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு வயதுப் பெண்ணின் எடை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் அவளை விட்டுவிட்டு என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். பருப்பு, காய், முட்டை என்று பெருமையாக அடுக்கினேன். "அதெல்லாம் அவ வயித்துக்குள்ள போகுதா சார்?" என்றார். வயிற்றுக்குள் போனது பாக்கெட் நூடுல்ஸும் பிஸ்கட்டும்தான். அக்கா எதைத் தள்ளி வைக்கிறாளோ, சின்னவளும் அதையே தள்ளி வைப்பாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், செல்ஃபோனைக் காட்டி ஊட்டினேன், தட்டும் கையுமாக வீடு முழுக்க ஓடினேன். கடைசியில் தோற்றுப்போய் ஒரு பாக்கெட்டைப் பிரிப்பேன். இதுதான் தினப்படி கதை.

செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். பெரியவள் அதன் பைக்குள் கைவிட்டு ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்தாள். பன் சுற்றிய காகிதம். உள்ளே இன்னும் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரி மாதிரி அதை என் மூக்குக்கு நேரே பிடித்து, "நீ மட்டும் தினமும் பன் தின்னுட்டு வர்ற. நீ செஞ்ச பீன்ஸ நீ ஒரு நாளாவது தின்னுருக்கியாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையை ஓங்கவும் ஓங்கினேன், உன்னிடம் எதற்கு மறைக்க? ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கேட்டதில் என்ன தப்பு? லேத்தில் மயிரிழை பிசகினாலும் இரும்புத் துண்டைத் தூக்கி ஓரமாகப் போடுகிறவன் நான். அடுப்பிலிருந்து இறக்கியதை ஒரு நாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. இவர்களுக்கு ஊட்டி முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவிப் படுத்தால் போதும் என்றிருந்தேன்.

அன்று ராத்திரி சமைத்துத் தட்டு வைத்ததும் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து, பெரியவள் தட்டிலிருந்த பீன்ஸை எடுத்து வாயில் போட்டேன். அம்மாடி! ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். பருப்பில் போட வேண்டியதும் அதில்தான் போயிருக்கிறது போல, ஏனென்றால் பருப்பில் உப்பே இல்லை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டும் கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்தன. "தண்ணி வேணுமாப்பா?" என்றாள் சின்னவள், ரொம்பக் கரிசனமாக. "நல்லால்லம்மா" என்று ஒப்புக்கொண்டேன். பெரியவளுக்கு வந்ததே ஒரு சிரிப்பு! தரையில் உருண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. குழந்தை அடம் பிடிக்கவில்லை. அவள் நாக்கு சரியாக இருந்தது, அவ்வளவுதான். இது புரிய எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

மறுநாளிலிருந்து பன் கிடையாது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோற்றைத்தான் சாப்பிடுவது என்று பேசிக்கொண்டோம். புதன்கிழமை முட்டை சட்டியோடு ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை சோறு குழைந்து களியாகிவிட்டது. ஆனாலும் மூவரும் சேர்ந்து திட்டிக்கொண்டே பாதியாவது சாப்பிட்டோம். நேற்று காய்கறிக் கடைக்கும் சேர்ந்தே போனோம். பெரியவள் ஒவ்வொரு பீன்ஸாக ஒடித்துப் பார்த்து, சடக்கென்று சத்தம் வந்தால்தான் கூடையில் போட்டாள். கடைக்காரர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இன்று முக்காலி மேல் ஏறி நின்று உப்பு, காரம் பார்த்ததும் அவள்தான். "பத்தல... பத்தல... போதும், நிறுத்துப்பா!" என்று என்னை விரட்டிய விரட்டு இருக்கிறதே, அப்படியே உன் குரல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சின்னவள் பீன்ஸைத் தொடவில்லை. தக்காளியும் சோறும் மட்டும் சாப்பிட்டாள். அலமாரியில் இன்னும் இரண்டு பாக்கெட் நூடுல்ஸ் இருக்கிறது. நாளை கேட்டாலும் கேட்பார்கள். கேட்டால், அன்றைக்கு மூவரும் நூடுல்ஸ்தான்.

இனி உன் விஷயம். பயிற்சியை விட்டுவிடுகிறேன், எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன் என்று அழுதாயே, வேண்டாம். எழுதிக் கொடுக்காதே. பரீட்சைக்கு இன்னும் மூன்றே வாரம்தான் இருக்கிறது. எஞ்சினில் ஏறி உட்கார வேண்டும் என்று நீ எத்தனை வருஷம் ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியாதா? நீ கிளம்பி வர நினைத்ததற்குக் காரணம் என் பொய்யும் என் சமையலும்தான். இரண்டையும் நான் திருத்திக்கொள்கிறேன். வா என்று எழுத ஒரு எழுத்து போதும், கை அதற்குத்தான் துடிக்கிறது. அதனால்தான் மடமடவென்று இப்படி எழுதித் தள்ளுகிறேன்.

கை கழுவும்போது பெரியவள் ஒன்று கேட்டாள். "அம்மா அங்க யாரு கூட உக்காந்து சாப்பிடறாங்க?" இத்தனை மாதத்தில் நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை. போன மாதம் நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய், படித்துக்கொண்டே சாப்பிடாதே. உன்கூடப் படிக்கிற யாராவது ஒருத்தி பக்கத்தில் தட்டோடு போய் உட்கார். சூடாக, வயிறு நிறையச் சாப்பிடு. நன்றாக இருந்தால், கூச்சப்படாமல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

குழந்தைகள் இருவரின் முத்தங்களோடு,
உன் வீட்டுக்காரன்