இடக்கையால் வாங்கிய கேடயம்

மே 11, சனி

காலையில் மழை. நூலகத்துக்கு மூன்று புத்தகம் திருப்ப வேண்டும், ஒன்று ஏற்கெனவே பிந்திவிட்டது.

இன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு சுஜன் அண்ணாவின் படம். பேஸ்போலில் பந்து எறிபவர், பதினேழு வயது. "தலைமுறைக்கு ஒருவன்", "தங்கக் கை". பெயரடைகளை எண்ணினேன், பத்தொன்பது. உண்மைகள் அதைவிடக் குறைவு.

"குண்டுகளுக்கு நடுவே கல்லெறிந்து பழகிய கை" என்றும் இருக்கிறது. பொய். அண்ணா ஊரை விட்டு இங்கே வந்தது நான்கு வயதில். எறியப் பழகியது எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தில், டெனிஸ் பந்தால். நிருபர் வீட்டுக்கு வந்தபோது அம்மா பேசியதை ஆங்கிலத்தில் சொன்னது நான்தான். அம்மா சொன்னது அண்ணாவின் சாப்பாட்டுச் சோம்பலைப் பற்றி ஒன்றே ஒன்று: "சின்னனில சாப்பிடச் சரியான பஞ்சி." அதை அவர் எழுதவில்லை.

அப்பா: "கிரிக்கெட்டில எண்டா உந்த எறிக்கு நோ-போல் குடுத்திருப்பாங்கள்." ஆனாலும் ஐந்து பிரதி வாங்கி வந்திருக்கிறார்.

மே 15, புதன்

குளிர். கணிதப் பரீட்சை பரவாயில்லை.

பள்ளியால் வந்ததும் அண்ணா வலது முழங்கையில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு சோபாவில். வீங்கியிருந்தது.

"ஒண்டுமில்லை. கொஞ்சம் சூடாக் கிடக்குது."

"கோச்சுக்குச் சொன்னீங்களோ?"

"ஆருக்கும் சொல்லாத. 25ஆம் திகதி மட்சைப் படமெடுக்க ரீவீக்காரர் வருகினம். You don't get it."

எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். வெட்கம்.

மே 19, ஞாயிறு

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அண்ணாவுக்குப் பாராட்டு விழா. அண்ணா இன்னும் எந்தக் கிண்ணமும் வெல்லவில்லை, அதற்குள் பொன்னாடை. நான்கு பேச்சு. நாலுபேருக்கும் பேஸ்போல் தெரியாது. ஒருவர் "எத்தனை ரன் அடிச்சவர்?" என்று மேடையிலேயே கேட்டார்.

பிறகு கேடயம். அண்ணா இடக்கையை நீட்டி வாங்கினார்.

மண்டபம் முணுமுணுத்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர்.

"பாத்தியே, பெரியாக்களிட்ட இடக்கையால வாங்கிறான்."

"பேப்பரில படம் வந்தாப் பிறகு உப்பிடித்தான். தலைக்கனம்."

திரும்பினேன். "அன்ரி, அண்ணாவுக்கு வலக்கை தூக்க ஏலாது."

சொன்ன பிறகுதான் வாக்குக் கொடுத்தது நினைவு வந்தது.

வீட்டுக்கு வரமுன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சங்கச் செயலாளர் அங்கிள் தொலைபேசியில் அப்பாவிடம்: "சனிக்கிழமை மட்சுக்கு ரெண்டு பஸ் பிடிச்சிட்டம், அண்ணை. ஒரு ஊசி போட்டுக்கொண்டு எறிஞ்சாச் சரிவராதே?" அவருடைய முழங்கை இல்லையே. அப்பா "பாப்பம்" என்றார். பாப்பம்! அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 21, செவ்வாய்

நேற்று விடுமுறை. அண்ணா அறையை விட்டு வரவில்லை.

இன்று பள்ளியில் மணியடிக்க முன் கோச்சின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். அவர் எழுந்து கதவை மூடினார். மத்தியானமே அண்ணாவை மருத்துவரிடம் கூட்டிப்போனார். தசைநார் கிழிந்திருக்கிறதாம். இந்த வருடம் எறியவே கூடாது. வருகிற சனிக்கிழமை எறிந்தால் முழுதாகப் போய்விடுமாம்.

அம்மா அழுதா. அப்பா ஐந்து பிரதிகளையும் மடித்து அலமாரியில் வைத்தார். அண்ணா என்னோடு பேசவில்லை.

மே 26, ஞாயிறு

வெயில். பால் முடிந்துவிட்டது.

பத்திரிகை. அண்ணாவுக்கு மூலையில் இரண்டு வரி, பெயரில் ஒரு எழுத்துப் பிழை. மேலே அரைப் பக்கம், பக்கத்து நகரமான ஒஷாவாவில் பந்து எறியும் பெடியன் ஒருவன், பதினாறு வயது. அதே நிருபர். பழைய கட்டுரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். "தலைமுறைக்கு ஒருவன்." "தங்கக் கை." பதினைந்து நாளில் தலைமுறை மாறிவிட்டது. புதிய கட்டுரையை வெட்டியெடுக்கையில் கோபத்தில் கத்தரிக்கோல் கோணலாகப் போனது.

ஒஷாவாப் பெடியனுக்கு, அவனுடைய பள்ளிக்கூட முகவரிக்கு, ஒரு கடிதம் தொடங்கினேன். "எனக்கு உன்னைத் தெரியாது. உன் முழங்கை வலிக்கிறதா? வலித்தால் ஐஸ் வை..."

தோளுக்கு மேலால் நிழல். அண்ணா. எவ்வளவு நேரம் நின்றாரோ. ஒரு கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு:

"ஐஸ் வைக்கச் சொல்லி எழுதாத. கோச்சிட்டச் சொல்லச் சொல்லி எழுது."