அட்டைக்கு வைத்த உப்பு

நவம்பர் 1981, செவ்வாய்.

காலையில் என் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு இன்று தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலை இல்லை. அவளிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். "ஆறுன தண்ணில சீனியும் உப்பும் கலந்து குடு சரோஜா" என்றேன். எவ்வளவு என்று சொல்லவில்லை.

மதியம் வந்தால், மலையில் அட்டை ஏறாமலிருக்க அவள் இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் உப்புப்பை அடுப்படியில் அவிழ்ந்து கிடக்கிறது. "ஒரு கைப்பிடி போட்டேன் டீச்சர். உப்பு நல்லதுதானே?" குழந்தை முக்கால் குவளை குடித்திருந்தாள்.

உப்புப் பட்ட அட்டை சுருங்குவதைப் போன வாரம்தான் வகுப்பில் காட்டினேன். செல்லின் சவ்வு தண்ணீரை விட்டுவிடும், உப்பை லேசில் விடாது. வெளியே உப்பு கூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறிவிடும் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாயங்காலம் தோட்டத்து மருந்தக டிரெஸர் வந்து பார்த்தார். "தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஒன்னுக்குப் போயிட்டா பயமில்ல. இல்லன்னா விடிஞ்சதும் லோரியில ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

சரோஜா வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை.

பாப்பா தூக்கத்தில் உதட்டை நக்குகிறாள். இடுப்பில் கட்டிய துணியை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.