மெழுகுக்குள் இருந்த அண்ணன்

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
14.10.1962

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்ற சங்கதிகளுக்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த நலத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் லிவர்பூல் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து இதைப் படி.

ஏப்ரல் மாதம் எனக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது சின்ன ஆபரேஷன் இல்லை. அப்போது நீ மாசமாக இருந்தாய், பிரசவம் முடியட்டும் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு தேக்காவில் நாட்டு மருந்து வாங்கிச் சாப்பிட்டேன், பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. கடைசியில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டு நின்றபோது கண் இருட்டி விழுந்துவிட்டேன், முதலாளிதான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெருங்குடலில் புற்றுநோய். பயப்படாதே, அது இருந்த குடலையே எடுத்துவிட்டார்கள், சிறுகுடலைக் கீழே இருக்கிற துண்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். நோய் குடலின் சுவரைத் தாண்டவில்லை என்று டாக்டர் லிம் சொன்னார், தாண்டியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை கக்கூசுக்குப் போக வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொந்தரவு. ஜூலையிலிருந்து வேலைக்கும் போகிறேன்.

என்னிடமிருந்து எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கேட்டால் திட்டுவார்கள் என்று நினைத்தேன், டாக்டர் லிம் சந்தோஷப்பட்டார். அவரும் நானும் பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். நடக்க முடிந்த அன்றைக்குக் கீழ்த்தளத்தில் இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். குடலை நீளவாக்கில் கீறி, ஒரு பலகையில் குண்டூசி குத்தி விரித்து, மருந்துத் தண்ணீரில் போட்டிருந்தார்கள். உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பாகற்காய்த் தோல் மாதிரி, கை வைக்க இடமில்லாமல் சின்னச் சின்ன முளைகள். எண்ணிப் பார்த்தேன், முந்நூறுக்கு மேல் கணக்குத் தப்பிவிட்டது. அதில் ஒன்றுதான் கெட்டுப்போய்ப் புற்றாக மாறியது, மற்றவை எல்லாம் வரிசையில் நின்றன என்று டாக்டர் சொன்னார். பிறகு கேட்டார், இது தனி ஒருவனுக்கு வருவது இல்லை, குடும்பத்தில் ஓடுவது, உங்கள் வீட்டில் யாராவது வயிற்றுக் கோளாறில் சின்ன வயதில் இறந்தார்களா என்று. என் அண்ணன் வைரக்கண்ணு முப்பத்துநாலு வயதில் போனான் என்றேன். எங்கே என்றார். இதே ஆஸ்பத்திரியில்தான், 1939 புரட்டாசியில், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள், ஒன்பதாம் நாள் இறந்துவிட்டான் என்றேன். அவர் திரும்பி அங்கே வேலை செய்கிற நாகூர் கனியைப் பார்த்தார்.

நாகூர் கனி இருபத்துநாலு வருஷமாக அந்தக் கூடத்தில் இருக்கிறவர். நோயாளிகளிடம் எடுக்கிற துண்டுகளை மெழுகில் பதிய வைத்து, சிகரெட் தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. மெழுகுக் கட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, எண்ணுக்கு நேராகப் பேரேட்டில் பெயர் உண்டு. மூன்று நாள் கழித்து என் கட்டிலுக்கே வந்து, “கெடச்சிருச்சு தம்பி, வைரக்கண்ணு, பொன்னன் மகன். வயித்தத் தொறந்தப்ப எடுத்த துண்டு, நான் வேலைக்குச் சேந்த புதுசுல என் கையால செஞ்சது” என்றார். இத்தனை வருஷம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “ஜப்பான்காரன் காலத்துல வெளக்குக்கு எண்ணெய் இல்ல. இதெல்லாம் உருக்குனா மெழுகுவத்தி ஆகும்னு ஒருத்தன் கேட்டான். உள்ள மனுசன் இருக்கான் லா, எப்படி எரிக்கிறதுன்னு சொல்லி அலமாரியைப் பூட்டிட்டேன்” என்றார். பழைய கண்ணாடியில் சாயம் வெளுத்துப் போயிருந்ததாம், அதனால் அதே கட்டியிலிருந்து புதிதாக ஒன்று சீவிக் கொடுத்தார்.

அந்தக் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார்கள். தாயக்கட்டை அளவுதான் இருந்தது, நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. அண்ணனுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று டாக்டர் எச்சரித்தார், எழுத்துக் கோக்கிறவனுக்கு அது பழக்கம்தான் என்றேன். முதலில் நல்ல குடல் ஒன்றைக் காட்டினார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, நான் கோத்து வைத்த வரிகள் மாதிரி ஒழுங்காக நின்றது. அடுத்து என்னுடையது, அதற்கடுத்து அண்ணனுடையது. இரண்டிலும் எழுத்துப் பெட்டியைக் கீழே கொட்டினாற்போலக் கிடந்தது. புற்றின் ஓரத்தில் என்னிடம் இருந்த அதே முளை ஒன்று அண்ணனிடமும் இருந்தது. ஒரே நோய்தான், சந்தேகமில்லை, உங்கள் அண்ணன் பிறக்கும்போதே இதற்கான விதையோடுதான் பிறந்திருக்கிறார் என்றார் டாக்டர். நான் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. புண் வலிக்கிறதா என்று நாகூர் கனி கேட்டார்.

அம்மா சிவகாமி, உனக்கு நாங்கள் ஒரு பொய் சொல்லி வளர்த்திருக்கிறோம். பெரியம்மா சந்திரமதி, பெரியப்பா இறந்ததும் ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னோம். அவள் போகவில்லை. அண்ணன் சாப்பிட்ட பிறகெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பான், நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான். அண்ணி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று என் அம்மா சொன்னாள், தெருவே சொன்னது. ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள், எங்களுக்குப் புரியவில்லை, புரியவைக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அவளைக் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பினார்கள். அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி ரிக்ஷாவில் வைத்தது நான்தான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நம்பினேனா என்று கேட்டால், நம்பவில்லை, ஆனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தைப்பூசக் கூட்டத்தில் இரண்டு தடவை அவளைப் பார்த்தேன், பார்க்காதவன் மாதிரி நடந்துவிட்டேன்.

அண்ணனின் பிள்ளையையும் உடனே சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணியை எங்கே போய்த் தேடுவது என்று நான் வீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டே, “தோ பாயோவுல ஓல வேஞ்ச அத்தாப்பு வீடு, பள்ளிக்கூடத்துக் கேண்டீன்ல சமைக்கிறாங்க” என்றாள். இருபது வருஷமாகத் தேக்கா மார்க்கெட்டில் அண்ணியைச் சந்தித்துப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், தீபாவளிக்குச் சேலைகூடக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி மண் பாதையில் நடக்கும்போது தையல் இழுத்தது. அண்ணி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்து எழுந்தாள், உட்காருங்க என்று ஒரு முக்காலியைத் தள்ளினாள். “தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டேன் தம்பி, உங்க வீட்டு ஆளுக்கு நான் எதையும் குடுக்கிறதில்ல” என்றாள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் சொன்ன வார்த்தை இது. நான் வந்த வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டு, மெழுகையும் முளைகளையும் பற்றி முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்தபடியே கேட்டாள். முடிந்ததும், “அத அந்த டாக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவாரா?” என்று மட்டும் கேட்டாள். தருவார், அண்ணி என்றேன். பிறகு எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று நானே கேட்டேன். உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள், பால் கலந்து. அவள் பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் குடித்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அடுத்த வாரம் கொண்டுபோய்த் தமிழில் படித்துச் சொன்னேன். வைரக்கண்ணு இறந்தது பெருங்குடல் புற்றுநோயால், உணவினாலோ விஷத்தினாலோ அல்ல என்று இருந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள், மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னாள்.

அவள் மகள் தங்கம் தையல் கடையில் வேலை பார்க்கிறாள். உனக்கும் அவளுக்கும் ஏழு வாரம்தான் வித்தியாசம். அவளுக்கு வலி இல்லை, ரத்தம் இல்லை, எனக்கு ஒன்றுமில்லை சித்தப்பா என்றுதான் சிரித்துக்கொண்டே வந்தாள். குழாய் விட்டுப் பார்த்தால் நூற்றுக்கு மேல் முளைகள். ஆகஸ்டில் எனக்குச் செய்த மாதிரியே ஆபரேஷன் செய்தார்கள், எடுத்ததை நாகூர் கனி இடம் இடமாகச் சீவிப் பார்க்கக் கொடுத்தார், ஒன்றுகூட இன்னும் கெடவில்லை. இன்னும் சில வருஷம் போயிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். உன் தம்பியையும் கூட்டிப்போனேன், அவனுக்கு ஒரு முளைகூட இல்லை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாமாம், யாருக்கு வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதாம். அது ஏன் ஒருவனை விட்டு ஒருவனைப் பிடிக்கிறது என்று கேட்டேன், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தத் துண்டுகளை எல்லாம் வைத்திருக்கிறோம் என்றார். என்னுடையதையும் வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அண்ணியும் தங்கமும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உன் பிள்ளையின் படத்தைக் காட்டினோம். சிவகாமிக்கு எழுதியாச்சா என்று அண்ணி கேட்டாள். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, மகளிடம் எழுதுகிற சமாச்சாரமா இது என்றேன். “அன்னிக்கும் இப்படித்தான் பேசாம நின்னீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உன் அம்மாவோடு சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

அதனால் எழுதிவிட்டேன். டாக்டர் லிம் அங்கே உள்ள டாக்டருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போ. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், விளக்கு வைத்த ஒரு குழாயை விட்டுப் பார்ப்பார்கள், பத்து நிமிஷம்தான், வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்துச் சும்மா இருந்துவிடாதே, தங்கத்துக்கும் ஒன்றும் தெரியவில்லை. சின்னத் துண்டு எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டால் சரி என்று சொல். மாப்பிள்ளையிடம் மறைக்காதே, இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நீண்ட ஆயுளோடு இருங்கள். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்ததும் அதை முதலில் எழுது. நல்லதோ கெட்டதோ, அவர்கள் சொல்வதில் எனக்காக ஒரு வார்த்தையும் குறைக்காமல் எழுது. அண்ணியும் தபாலுக்காகக் காத்திருக்கிறாள்.

உன் அப்பா,
பொ. மருதப்பன்