கூரைத் தகட்டில் தெரிந்த பாதங்கள்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது மட்டும் எப்படி வாயில் வரும்? இந்தக் கடிதத்தைத் தமிழ்க்கடைகளில் சும்மா கொடுக்கிற பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும். அதில் கூரையில் ஏறுகிற ஆள் யாராவது இருக்கலாம். உங்கள்மேல் எனக்குச் சரியான கோபம், அதையும் வாசிக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் வீட்டைக் கழுவிச் சாவுத் துடக்குக் கழிக்கிறதுதானே எங்கள் வழக்கம். லண்டனில் எங்கள் கோலியர்ஸ் வுட் வீடு முடிந்ததும், குரோய்டனில் நீங்கள் நடத்திய மிளகாய்த்தூள் தொழிற்சாலையையும் கழுவ வேண்டும் என்று உங்கள் தம்பி சிவா ஒற்றைக்காலில் நின்றார். “அண்ணை வீட்டில இருந்ததைவிட அங்கைதானே கூட இருந்தவர்” என்றார். நானும் மறுக்கவில்லை. இந்த 2009இல் எந்தத் தமிழ் வீட்டில்தான் துடக்கில்லை? மற்ற வீடுகளுக்கு ஊர்ச் சண்டையிலிருந்து சாவுச் செய்தி வந்தது. எங்கள் வீட்டில் நீங்கள் மாரடைப்பில் போனீர்கள்.

அந்தக் கட்டடத்தை நீங்கள் எடுத்தபோது பட்டப்பகலிலும் டியூப்லைட்தான். அந்த வெளிச்சத்தில் செத்தல் மிளகாய் பதமாக வறுபட்டதா, கருகிவிட்டதா என்று தாச்சிச் சட்டியில் வறுக்கும் மன்னார் மேரி அக்காவுக்குத் தெரியவில்லை. கட்டடச் சொந்தக்காரனோடு மல்லுக்கட்டி, கூரைத் தகரங்களுக்கு நடுவே ஒளி விடும் பிளாஸ்டிக் தகடுகளைப் போடுவித்தீர்கள். அதன் பிறகு எங்கள் தூளின் நிறத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆனால் தகட்டுக்கும் தகரத்துக்கும் ஒரே நெளிவு. வெயிலும் மழையும் பட்டுத் தகடு மக்கி, மேலே பாசியும் பிடித்துவிட்டது. மேலே நின்று பார்த்தால் எது எதென்று தெரியாது. தகரம் ஆளைத் தாங்கும், தகடு தாங்காது. சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்லி என் உயிரை வாங்கினீர்களே, சிவாவிடம் ஏன் சொல்லவில்லை?

நானும் மேரி அக்காவும் உள்ளே தாச்சி தேய்த்துக்கொண்டிருந்தோம். சிவா வாசலைக் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று என் கையில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், தகட்டில் இரண்டு பாதங்கள். அண்ணன் போட்ட தகடு, அதையும் கழுவ வேண்டும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியும் கூட்டுகிற தும்புத்தடியுமாக ஏறியிருக்கிறார் மனுசன். பெருவிரல்கூடத் தெரிந்தது. கீழே வெறும் சீமெந்துத் தரை.

மேரி அக்கா “மாதாவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் கத்தினால் திடுக்கிட்டுக் காலை மாற்றுவார். கத்தாவிட்டால் அடுத்த அடியை வைப்பார். குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டேன்.

“தம்பி, நான் அண்ணி. அசையாதேங்கோ.”

“எங்கை நிக்கிறியள் அண்ணி?”

“உங்கட காலுக்கு நேர கீழை. நீங்கள் தகரத்தில இல்லைத் தம்பி. அண்ணை போட்ட தகட்டில நிக்கிறியள், அது ஆளைத் தாங்காது.”

மேலேயிருந்து “ஐயோ” என்று மட்டும் கேட்டது.

“மெல்லமாக் குந்துங்கோ. பிறகு நெஞ்சால படுங்கோ. கையைக் காலை அகட்டுங்கோ.”

குந்தி, நெஞ்சால படுத்தார். தகடு ‘டிக்’ என்றது. அவர் முழங்காலடியிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியது. வாளி சரிந்து, சோப்புத் தண்ணீர் வெடிப்பால் என் முகத்தில் சொட்டியது. நான் கண்ணை எடுக்கவில்லை.

“எந்தப் பக்கம் அண்ணி? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

“ட்ராம் சத்தம் கேக்கிற பக்கம், அங்கைதான் தகரம். எழும்பாதேங்கோ. அரக்கி அரக்கிப் போங்கோ.”

“ஏலாது அண்ணி.”

“ஏலும். உங்களை எனக்கு முழுசாத் தெரியுது. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். போங்கோ!”

நிழல் ஊர்ந்தது. முதலில் தலை தகரத்தின் மேல் போய் மறைந்தது, பிறகு நெஞ்சு, கடைசியில் அந்தப் பாதங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. தகரம் எதைக் காட்டும்? தப்பினாரா, அந்தப் பக்கத்தால் விழுந்தாரா? வெளியே ஓடினேன். ஏணியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கி வந்து, என் காலடியில் அப்படியே குந்திவிட்டார்.

“கழுவினா அண்ணை சந்தோசப்படுவார் எண்டு நினைச்சன்” என்றார். உங்கள் செத்தவீட்டில் கண் கலங்காத மனுசன் அங்கே விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். அழுது முடிந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“இந்த வெளிச்சமே வேண்டாம் அண்ணி, எல்லாத்தையும் தகரத்தால மூடுவம்” என்கிறார் இப்போது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் முழுக்கத் தகரமாக இருந்திருந்தால் அவர் ஏறியே இருக்கமாட்டாரா, இல்லை ஏறியும் ஒன்றும் நடந்திருக்காதா? யோசித்தால் தலை வெடிக்கிறது. அந்த வெளிச்சம்தானே அவருடைய காலை எனக்குக் காட்டித் தந்ததும். மேரி அக்கா மட்டும் “மூடினா நான் வேலைக்கு வரமாட்டன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பழைய தகடுகளைக் கழற்றிப் புதியவை போட, வேலை தெரிந்த ஆட்களைப் பிடித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கீழே கம்பிவலை வரும். ஏணியைப் பூட்டித் திறப்பை நானே வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நீங்களே ஏறிப் பார்த்தீர்கள், ஒருவருக்கும் காட்டித் தரவில்லை. என்றைக்கும் இருப்பேன் என்றா நினைத்தீர்கள்?

ஒரு சத்தியம் பண்ணுகிறேன், கேளுங்கோ. உங்கள் வெளிச்சத்தை மூடமாட்டேன். அங்கே தனியாக இருக்க ஏலாமல் துணை தேவைப்பட்டால் பொறுத்திருங்கோ, என் காலம் முடிய நானே வருவேன். உங்கள் தம்பியை மட்டும் தரமாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனுசி,
வசந்தி