கோமளாவின் கைரேகை

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைதிலிக்கு,

உன் தோழி ஷாகிதாவின் ஸலாம். மதுரை வெயில் உன்னை ரொம்ப வாட்டவில்லை என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு வாரத் தடயவியல் வகுப்பு வைத்தோம் இல்லையா? பாடம் நான்தான் எடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில் பொடி தூவி ரேகை எடுக்கச் சொன்னதும் பிள்ளைகளுக்கு அவ்வளவு குஷி. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஜோதிகா, பி.காம். வேண்டாம், இனி வேதியியல்தான் என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும் நாறடித்துவிட்டார் எங்கள் தாளாளர். மேசை இழுப்பறையில் வைத்த கைக்கடிகாரத்தைக் காணோம் என்றார். கடைசி நாளன்று, பெற்றோர் முன்னால், பிள்ளைகள் நிஜத் திருட்டையே துப்பறியட்டும் என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவர் மேசை இழுப்பறையில் எடுத்த ரேகையை ஊழியர்களின் ரேகைகளோடு மேடையில் ஒப்பிட வைத்தார். ஜோதிகா சரியாகத்தான் ஒப்பிட்டாள். அது தினமும் அந்த மேசையைத் துடைக்கிற கோமளாவின் ரேகை. ‘நான் எட்க்கல சார்’ என்று அவள் அழுதது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நான் மைக்கை வாங்குவதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சீ, என்ன மனிதர்கள்!

கடிகாரம் அவருடைய காரின் சீட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. டிரைவர் பாபுதான் எடுத்துக் கொடுத்தாராம். தாளாளரிடமே போய்க் கேட்டேன். ‘அட்மிஷன் நல்லா வந்துகினு கீது மேடம், இப்ப போய்க் கலைக்காதீங்க’ என்கிறார்.

ஜோதிகா என்னைத் தேடி வந்தாள். துடைக்கிறவங்க ரேகை அங்கே இல்லாமல் இருந்தால்தானே மிஸ் சந்தேகப்படணும் என்று கேட்டாள். இவ்வளவு சரியாக யோசிக்கிற பெண், இதுக்குத்தான் சயின்ஸ் என்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வருகிற சனிக்கிழமை அதே அரங்கில் அதே கூத்தை மறுபடி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்றேன். அந்த ரேகையைத் திரையில் போட்டு, இதை வைத்து யாரையும் திருடி என்று சொல்ல முடியாது என்று சொல்லப்போகிறேன். கடிகாரம் கிடைத்த இடத்தையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். நான் சொன்னால் தாளாளர் தட்டிக் கழித்துவிடுவார். அரசு ஆய்வகத்தில் ரேகை பார்க்கிற நீ வந்து சொன்னால் அப்படிச் செய்ய முடியாது. கோமளா அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். காலில் விழுந்தாவது அவளை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். பக்கத்தில் ஜோதிகாவையும்.

அல்லாஹ் உன்னை நன்றாக வைக்கட்டும். வர முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை.

உன்
ஷாகிதா