நன்றிக்குப் பின்னால் வைத்த வரைபு

குறிஞ்சிப்பிட்டி,
வெள்ளி பின்னேரம்.

அன்பின் றிஸ்வி நாநாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் பேங்கொக் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் உம்மா சாப்பிட்டார். வாப்பாவுக்கு இருமல் குறைவு. மழை இல்லை. மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை மாநாட்டுப் பேச்சுக்கான ஸ்லைட்டுகளைப் பார்த்தேன். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னீர்கள். பிழை இல்லை. ஒரு ஸ்லைட்டில் ஒரு விடயம் மட்டும் வைத்தது நல்லது. நம் கடலோரக் களப்பின் படங்கள் கொஞ்சம் அதிக அழகு. பார்ப்பவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஃபோனில் கேட்டால் சிரித்து வேறு கதைக்குப் போய்விடுவீர்கள், அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

இங்கே வீட்டில் பேசிப் பழகியபோது, இறால் பண்ணை வாய்க்கால் களப்பில் விழும் இடத்தில் நான் எடுத்த நீரின் வரைபு நடுவில் இருந்தது. ஒட்சிசன் கோடு சரியும்போது கொஞ்சம் பேசாமல் நிற்க வேண்டும் என்றீர்கள். அந்த மௌனத்தைத்தான் நாம் அதிகம் பழகினோம். இப்போது அந்த வரைபு நன்றி சொல்லும் ஸ்லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது. யாராவது கேட்டால் மட்டும் திறப்பது. கேட்காவிட்டால், இல்லை.

நேரம் போதாது என்பீர்கள். இருக்கலாம். அழகான படங்களுக்கு நேரம் இருக்கிறது.

நேற்று அந்தப் பண்ணையின் மனேஜர் ஹுனைஸ் வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. இதற்கு முன் எங்கள் படலையைத் திறந்தவரல்ல. "தம்பிக்குப் பன்னிரண்டு நிமிசம்தானே குடுத்திருக்காங்க, அதுக்குள்ள என்னத்தச் சொல்ற, பாவம்" என்று உம்மாவிடம் சிரித்தார். பன்னிரண்டு நிமிடம் என்ற மாநாட்டு அறிவித்தல் உங்களுக்கு மட்டுமே வந்தது. நீங்கள் எனக்கு மட்டுமே சொன்னதாக நினைத்திருந்தேன். அவருக்கு யார் சொன்னது? உம்மாவிடம் கேட்டதற்கு, "மனிசன் அன்பா வந்தா அதையும் போத்தல்ல அள்ளிச் சோதிப்பியா நீ" என்றார். பெட்டி அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நான் தொடவில்லை.

பொறாமையோ என்றும் யோசித்தேன். வெயிலில் நீர் எடுத்தவள் நான், மேடை உங்களுடையது. கொஞ்சம் பொறாமைதான். அதைக் கழித்துப் பார்த்தேன். சந்தேகம் மிஞ்சுகிறது.

நீர் எடுக்க என்னைத் தன் வள்ளத்தில் கொண்டுபோன உச்சமுனை யாகப்பு அண்ணனைக் கல்பிட்டியில் கண்டேன். "தங்கச்சி, நாநா அங்க எங்கட மீன் சாகிறதச் சொல்லுவாரா, இல்லாட்டி களப்பு நல்ல வடிவெண்டு சொல்லிட்டு வருவாரா" என்று பகிடியாகக் கேட்டார். ஓம், சொல்லுவார் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாநாட்டை இணையத்தில் பார்க்க நானும் பதிந்திருக்கிறேன். கேள்வி நேரத்தில் வீட்டிலிருந்தும் கை உயர்த்தலாமாம். நான் என்ன கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் அதைக் கேட்கும் தங்கையாக என்னை ஆக்கிவிடாதீர்கள், நாநா.

அல்லாஹ் உங்கள் நாவின் முடிச்சை அவிழ்ப்பானாக.

துஆவுடன்,
முஃபீதா